அம்மாவின் கண்ணுக்குக் குங்குமப்பூ: சமைத்துப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். எழுபதைக் கடந்த என் அம்மாவுக்கு, முதுமையில் வரும் விழித்திரை மையச் சிதைவு ஆரம்பக் கட்டத்தில் இருப்பதாகக் கண் மருத்துவர் கூறியுள்ளார். இதே நிலையில் இருந்த 25 பேருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் குங்குமப்பூவை மூன்று மாதம் கொடுத்தபோது விழித்திரையின் ஒளியுணர்வு ஓரளவு கூடியதாக, இத்தாலிய ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்ததிலிருந்து, அதை அவருடைய அன்றாட உணவில் சேர்க்கலாமா என்று யோசித்துவருகிறேன். மிகச் சிறிய ஆய்வு என்பதால் அதிசயம் எதையும் எதிர்பார்க்கவில்லை, சிகிச்சையையும் நிறுத்தப்போவதில்லை.

20 மில்லிகிராம் என்பது ஏறத்தாழப் பத்து இழைதான். வெதுவெதுப்பான பாலில் போட்டால் இழையைச் சுற்றி மஞ்சள் நிறம் மெல்லக் கசியும் (போட்டவுடன் சிவப்புச் சாயம் கொட்டினால் அது போலி என்றே நான் சந்தேகிப்பேன்). அந்த நிறத்தைத் தரும் குரோசின்தான் கண்ணுக்கும் உதவக்கூடும் என்கிறார்கள். ஆனால் அது நெடுநேரக் கொதியில் சிதையும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் பாயசமும் கேசரியும் ஆகா. கஞ்சி, ரசம், மோர்க்குழம்பு போன்றவற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, ஊறவைத்த குங்குமப்பூவைச் சேர்த்துப் பழகியவர்கள் இருந்தால், சுவை ஒத்துப்போகிறதா, வெந்நீரில் எவ்வளவு நேரம் ஊறவைக்கிறீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். இரத்தம் உறையாமலிருக்க அவர் மாத்திரை எடுத்துக்கொள்வதால், மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பிறகே தொடங்குவேன்.