மலிபு பாறையில் வட்டத் துளைகள்: ஒரு மலையே திரும்பியது என்பதை இதை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?

நடைப்பிரியன்:
வணக்கம். வார இறுதியில் சான்டா மோனிகா மலைகளில் நடப்பது வழக்கம். போன ஞாயிறு மலிபு க்ரீக் பூங்காவில் ஒரு கரும்பாறையில் ஏழு துளைகளைப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு, குவார்ட்டர் நாணயம் கச்சிதமாக நுழையும். கூட வந்தவர், "பழைய காந்தத்தை அளக்கத் துளைத்தது. இந்த மலை முழுக்க ஒரு காலத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது" என்றார். கலிபோர்னியாவில் மற்ற மலைத்தொடர்கள் வடமேற்கு–தென்கிழக்காக ஓட, இது மட்டும் கிழக்கு மேற்காகக் குறுக்கே கிடப்பது வரைபடத்திலேயே தெரிகிறது. ஆனால் கல்லுக்குள் இருக்கும் காந்தம் அதை எப்படிச் சொல்லும்?

கல்லுளி:
தம்பி, இதே மலைகளில் இரண்டு கோடைக்காலம் துளைபோட்டவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்தது கொனெஹோ எரிமலைப் பாறை. வயது ஏறத்தாழ 1.6 கோடி ஆண்டு. லாவாவில் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவின் நுண்ணிய மணிகள் உண்டு. சூடு 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது, அன்றைக்குப் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையைப் பிடித்துக்கொண்டு அவை உறைந்துவிடும். பிளஸ் டூவில் காந்த ஒதுக்கம், காந்தச் சரிவு என்று படித்திருப்பீர்கள். சரிவு, அதாவது கிடைத்தளத்திலிருந்து எவ்வளவு கீழே குத்துகிறது என்பது, பாறை உறைந்த இடத்தின் அட்சரேகையைச் சொல்லும். 34 டிகிரி வடக்கு என்றால் சரிவு 53 டிகிரி வர வேண்டும். ஒதுக்கம், அதாவது வடக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது, பாறை அப்புறம் திரும்பியதா என்று சொல்லும்.

வட அமெரிக்காவின் அசையாத உட்பகுதியில் அதே வயதுப் பாறைகள் கிட்டத்தட்ட வடக்கையே காட்டுகின்றன. இந்த மலையின் லாவா கிழக்குப் பக்கம் காட்டுகிறது. கேமர்லிங், லுயெண்டைக் இருவரும் 1979இல் இதை வெளியிட்டார்கள். வலஞ்சுழியாகச் சுமார் 70 டிகிரி! இன்னும் பழைய பாறைகளில் 90ஐயும் தாண்டுகிறது.

துளை எடுக்கும் விதத்தையும் சொல்கிறேன். பெட்ரோலில் ஓடும் கைத்துளைப்பான், முனையில் வைரத்தூள் பதித்த குழாய். ஒருவர் துளைக்க, இன்னொருவர் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். சாம்பல் நிறச் சேறு முழங்கை வரை தெறிக்கும். குழாய்க்குள் வெட்டுப்பட்டு நிற்கும் கல் உருளையை உடனே உருவிவிடக் கூடாது. அது பாறையோடு ஒட்டி நிற்கும்போதே எந்தத் திசையில், எவ்வளவு சாய்வில் இருக்கிறது என்று குறித்து, பித்தளைக் கம்பியால் அதன் மேல் ஒரு கோடு கீற வேண்டும். அந்தக் கோடு அழிந்தால் அது வெறும் கல். எரிமலைப் பாறை பக்கத்தில் சாதாரணத் திசைகாட்டியை நம்ப முடியாது, பாறையே முள்ளை இழுத்துவிடும். அதனால் வெயிலில் ஒரு குச்சியின் நிழலைப் பார்த்து, மணியைக் குறித்து, சூரியன் நின்ற திசையைக் கணக்குப் போட்டு எடுப்போம். மேகம் மூடினால் காத்திருக்க வேண்டியதுதான்.

மண்வாசி:
அக்கா, ஒரு சந்தேகம். மலை என்றாலே அடுக்குகள் சாய்ந்து மடிந்துதானே கிடக்கும்? பாறை பக்கவாட்டில் சாய்ந்தாலே காந்தத் திசை மாறிவிடுமே. அதைத் திரும்பியதாக எண்ணிவிட மாட்டார்களா? இடி விழுந்தாலும் காந்தம் மாறும் என்கிறார்களே?

கல்லுளி:
கேட்க வேண்டிய கேள்வி. சாய்வைச் சரிசெய்யாமல் ஒதுக்கத்தைப் பேசவே கூடாது. லாவா அடுக்கின் சாய்வை அளந்து, கணக்கில் அதை மறுபடி கிடைமட்டமாக்குவோம். மடிப்பின் இரு பக்கமும் எடுத்த மாதிரிகள், மடிப்பை நிமிர்த்தியதும் ஒரே திசையில் வந்து குவிந்தால் அந்தக் காந்தம் மடிப்புக்கு முந்தியது. குவிந்திருந்தவை நிமிர்த்தியதும் சிதறினால் அது பிந்தி ஏறியது, பழைய திசைக்கு உதவாது. கிரகாம் 1949இல் முன்வைத்த இந்தச் சோதனையை இன்றும் செய்கிறோம்.

இடி விழுந்தது உண்மைதான். முகட்டில் எடுத்த ஒரு இடத்து மாதிரிகள் எல்லாமே ஆளுக்கொரு திசை காட்டின, காந்தமும் அளவுக்கு மீறி வலுவாக இருந்தது. இரண்டு நாள் உழைப்பு. மொத்தத்தையும் கணக்கிலிருந்து நீக்கினோம். மற்றவற்றை, வெளிப்புலம் புகாத அடுப்பில் 100, 200 என்று படிப்படியாகச் சூடாக்கி, ஒவ்வொரு முறையும் ஆறவைத்து அளப்போம். அண்மைக்காலக் காந்தம் பெரும்பாலும் முதலில் உதிரும். 500 டிகிரியைத் தாண்டியும் மாறாத ஒரு திசை மிஞ்சுகிறதே, அந்தப் பழைய காந்தத்துக்காகத்தான் அத்தனை பாடும்.

ஒரே ஒரு லாவாவை வைத்தும் முடிவுக்கு வர முடியாது. அது சில நாளில் உறைந்துவிடும். காந்த வடமுனையோ எப்போதும் அலைந்துகொண்டே இருக்கிறது. பல லாவாக்களின் சராசரி வேண்டும்.

காந்தத்தோடு சம்பந்தமே இல்லாத சாட்சி ஒன்றும் உண்டு. சான் டியேகோ அருகே போவே என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் செந்நிற எரிமலைக் கூழாங்கற்கள், 250 கி.மீ.க்கும் அப்பால் சான்டா குரூஸ் தீவில் இருக்கின்றன. மலைத்தொகுதியை வரைபடத்தில் திருப்பி வைத்தால் அந்தத் தீவு சான் டியேகோ பக்கம் போய்ச் சேர்கிறது. முதன்முதலில் அந்த வரைபடத்தைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

பசிபிக் தட்டு வடமேற்காக இழுத்துக்கொண்டு போனதில் இந்தத் துண்டு கதவுபோலத் திரும்பியது. இவ்வளவு உயரத்துக்கு எழும்பியது பெரும்பாலும் பிந்தித்தான், சான் ஆண்ட்ரியாஸ் பிளவு வளையும் இடத்தின் நெருக்கலில். 1994இன் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் அதே நெருக்கலால் வந்தது.

தக்காணன்:
நம் தக்காண லாவாவும் இப்படித்தானே? அதன் ஒதுக்கமும் இடஞ்சுழியாக 25 டிகிரி போல விலகியிருக்கிறது.

கல்லுளி:
ஆமாம், ஆனால் அங்கே திரும்பியது இந்தியா முழுவதும். சரிவைப் பார்த்தால் லாவா உறைந்தது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 30 டிகிரியில். இயற்பியலாளர் பிளாக்கெட்டின் லண்டன் குழுவினர் 1950களிலேயே அதை அளந்தார்கள். கலிபோர்னியாவில் கண்டத்தோடு ஒப்பிட்டு ஒரு துண்டு மட்டும் திரும்பியிருக்கிறது. எதோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் "70 டிகிரி" என்பதற்குப் பொருளே இல்லை.

நடைப்பிரியன்:
மிக்க நன்றி அக்கா. அடுத்த வாரம் அந்தப் பாறைக்கு மறுபடி போகிறேன். அந்தத் துளைகள் நீங்கள் போட்டவையாக இருக்குமோ?

கல்லுளி:
எங்களுடையவற்றை அதே பாறைத்தூள் கலந்த பூச்சால் அடைத்துவிட்டு வந்தோம், பாதையோரம் அப்படியே விடுவது எனக்குப் பிடிக்காது. போனால் பாறை பக்கத்தில் ஒரு திசைகாட்டியை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். முள் ஆடும்.