"இவங்க இந்த டைப்" என்று முத்திரை குத்திய அந்த ஒரு நிமிடம்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

சோழிங்கநல்லூர் எச்ஆர்

நாலெழுத்து டெஸ்ட் என்பது எம்பிடிஐ, பதில்களை வைத்து ஆளுடைய குணத்தை நாலு ஆங்கில எழுத்தாகச் சொல்கிற கேள்வித்தாள். ஓஎம்ஆரில் ஒரு சாஃப்ட்வேர் அலுவலகம். பயிற்சி முடிந்த கையோடு எல்லோருடைய நாலெழுத்தையும் ஸ்டிக்கராக அடித்து ஐடி கார்டின் பின்பக்கம் ஒட்டிவிட்டார்கள். டெஸ்டிங்கில் இருந்த ஒரு பெண்ணுக்கு முதலெழுத்து 'ஐ', அதாவது இன்ட்ரோவெர்ட், தனிமையை விரும்புகிறவர் (கலகலப்பானவருக்கு 'ஈ', எக்ஸ்ட்ரோவெர்ட்). கொஞ்ச நாளில் கிளையன்ட் கால் யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. டீம் லீட் அவள் கார்டைத் திருப்பிப் பார்த்தார். "நீ இன்ட்ரோவெர்ட்மா, உன்னைக் கஷ்டப்படுத்த வேணாம்" என்று சொல்லிவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அக்கறையோடுதான் சொன்னார். அவளோ பேச வேண்டிய பக் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, பிரின்ட் எடுத்துக் கையிலேயே வைத்திருந்தாள். பேசாமல் அதை நாலாக மடித்து நோட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

அவளுடைய முழு ரிப்போர்ட்டில் அந்த 'ஐ' வெறும் லேசான சாய்வு. எம்பிடிஐயின் 'ஃபார்ம் எம்' என்ற வடிவத்தில் 93 கேள்விகள். ஒவ்வொரு எழுத்துக்கும் லேசு, மிதம், தெளிவு, மிகத் தெளிவு என்று நாலு படிகள் உண்டு. ஸ்டிக்கரில் எழுத்து மட்டும்தான் வரும், படி வராது. மனிதர்கள் இரண்டு கோடியிலும் கூட்டமாக நிற்பதில்லை, நடுவில்தான் அதிகம் பேர். சரியாக அந்த நடுவில் கோடு கிழித்தால் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிற இருவர் வேறு வேறு பெட்டிக்குள் போய்விடுவார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அடுத்த முறை எழுதும்போது ஓரிரு பதில் மாறினாலே எழுத்தும் மாறிவிடும். ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று டெஸ்டை விற்கிற கம்பெனியே சொல்கிறது. வேலை பிரித்துக் கொடுப்பதும் கிட்டத்தட்ட அதே முடிவுதானே?

அம்பத்தூர் எஸ்டேட்

டெஸ்ட் எதுவாக இருந்தாலும், அதை நடத்துகிற விதத்தில்தான் பாதி கெட்டுப்போகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. ஷிஃப்ட் மாறுகிற நேரம், கேன்டீன் மேஜை, சூப்பர்வைசர் பேப்பரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார். எடுத்துக்கொண்டது மினி ஐபிஐபி. அது எழுத்து தராமல் கலகலப்பு, இணக்கம், பொறுப்பு, பதற்றம், கற்பனை என்ற ஐந்து குணங்களுக்கும் எண் தருகிற டெஸ்ட். 2006-ல் வந்த 20 கேள்வி வடிவம், குணத்துக்குத் தலா நான்கு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். பதில் 1 என்றால் துளியும் பொருந்தாது, 5 என்றால் முழுதும் பொருந்தும். லேத் ஆப்பரேட்டர் ஒருவருடைய தாளில் மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்கோட்டில் 4, 4, 4, 4. "பலரிடம் கலகலப்பாகப் பேசுவேன்" என்பதற்கும் 4, "அதிகம் பேச மாட்டேன்" என்பதற்கும் 4. கடைசியில் கையெழுத்து வேறு போட்டிருந்தார். அதை யாருமே கேட்கவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. மேலதிகாரி கொடுத்த தாளுக்கு "சரிங்க சார்" என்பதே அவருக்குத் தெரிந்த பதில். இதைப் பிடிப்பதற்காகவே தலைகீழ்க் கேள்விகள், அதாவது அதே குணத்தை எதிர்ப்பக்கமிருந்து கேட்கிற கேள்விகள் வைக்கிறார்கள். 1 முதல் 5 வரையான அளவில் தலைகீழ்க் கேள்வியின் பதிலை 6-லிருந்து கழிக்க வேண்டும், அதாவது 4 என்றால் 2. கலகலப்புக் குணத்தின் நான்கு கேள்விகளில் இரண்டு தலைகீழ். ஆக 4+4+2+2=12, அளவின் நட்டநடு. அங்கே எக்ஸெல்லில் கழிக்காமல் கூட்டியதால் 16 வந்து, அவரை "எக்ஸ்ட்ரோவெர்ட்" என்று ரிப்போர்ட் அடித்துவிட்டார்கள். சரியாகக் கழித்திருந்தாலும் "சராசரி ஆள்" என்றுதான் வந்திருக்கும். அதுவும் அவரைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒரே பதிலில் ஓடிய தாளை மதிப்பிடாமல் தனியாக எடுத்துவைப்பதுதான் முறை. முழுத் தாளும் நாலாக இருந்தால் நான்கு குணங்களுக்கு 12 வரும், கற்பனைக் குணத்துக்கு மட்டும் 10 வரும், ஏனென்றால் அதில் மூன்று கேள்விகள் தலைகீழ். இந்த 12, 12, 12, 12, 10 வரிசையைப் பார்த்த உடனே தாளைத் திருப்பிப் பாருங்கள்.

நடத்துகிறவர்களுக்கு: சூப்பர்வைசர் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. தாளில் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். ஆரம்பிக்கும் முன் இரண்டு பயிற்சிக் கேள்விகள் கொடுங்கள், "தினமும் டீ குடிப்பேன்", "டீ குடிக்கும் பழக்கமே இல்லை" என்று. இரண்டுக்கும் 4 போட்டால் எதிரெதிராகப் பதில் சொல்லலாம், தப்பில்லை என்று மறுபடி விளக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். "பார்ட்டியில் நான்தான் கலகலப்பு" என்கிற கேள்வியையும் அப்படியே வைக்காதீர்கள். கல்யாண வீடு, தெருமுனை, ஷிஃப்ட் பஸ் என்று ஆட்கள் உண்மையில் கூடும் இடத்தைச் சொல்லிக் கேட்டால்தான் யோசித்துப் பதில் தருவார்கள்.

அடையாறு, குடும்ப ஆலோசனை

சோழிங்கநல்லூர் மேடம், ஸ்டிக்கர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் அதற்காக நாலெழுத்தையே குப்பையில் போட வேண்டும் என்றால் ஏற்க முடியாது. ஒரு தம்பதி. கணவர் ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "என் மேல கோபம்" என்று மனைவி தீர்மானமாக நம்பினார். பல மாதச் சண்டை. பேச்சு அந்த 'ஐ', 'ஈ' பக்கம் வந்தபோது மனைவி அவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "அப்ப நான் எது செஞ்சாலும் நீங்க அரை மணி நேரம் அப்படித்தான் உக்காருவீங்களா?" அவர் ஆமாம் என்று தலையாட்டினார். மனைவியின் தோள் தளர்ந்தது. பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வந்ததும் முப்பது நிமிடம் தனிமை, அது முடிந்ததும் அவரே எழுந்து வந்து பேச்சை ஆரம்பிக்க வேண்டும். இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் முதல் பாதி வெறும் தப்பித்தல் ஆகிவிடும்.

ஐந்து குண ஆட்களிடம் ஒரு கேள்வி. பதற்றக் குணத்துக்கு உங்கள் டெஸ்டில் நியூராட்டிசிசம் என்று பெயர். "உங்களுக்கு நியூராட்டிசிசம் அதிகம்" என்று எழுதி ஒருவர் கையில் கொடுத்தால் அவர் அடுத்த முறை வருவாரா? நாலெழுத்தில் மட்டம் என்று எதுவும் இல்லை. பேச ஆரம்பிக்க அது உதவுகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்

அந்தப் பெயரில் கொடுக்கக் கூடாது என்பது சரி. அதே அளவை மறுபக்கமிருந்து படித்து "மன உறுதி" என்று கொடுப்பது வழக்கம்தான். ஆனால் நாலெழுத்தில் யாருக்கும் மட்டம் இல்லை என்பதைப் பலமாகச் சொல்கிறீர்களே, அதுதான் அதன் பலவீனமும். பதற்றம் எளிதில் வருமா வராதா என்பதை அது அளப்பதே இல்லை. குடும்பச் சண்டையில் பெரும்பாலும் அதுதானே முக்கியம்? யாருக்கும் பொருந்துகிற நல்ல வார்த்தைகளைத் தந்தால் எல்லோரும் "அப்படியே நான்" என்பார்கள். 1948-ல் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே குறிப்பைத் தனித்தனியாகத் தயாரித்ததுபோலக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு 5-க்குச் சராசரியாக 4.26 போட்டார்கள். அதனால் "கிளையன்ட் ஒத்துக்கொண்டார்" என்பதை ஆதாரமாக வைக்க முடியாது.

பெரம்பூர் பள்ளி கவுன்சலர்

இரண்டாம் வகுப்புக் குழந்தை. "இது அமைதி டைப், விட்டுடுங்க" என்று ஆசிரியை சொல்லியே முக்கால் வருடம் போயிருந்தது. பள்ளி வேனில் அதே குழந்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சத்தமாகப் பாடிக்கொண்டு வரும். வேன் கேட்டுக்குள் திரும்பும்போது பாட்டு பாதி வரியில் நின்றுவிடும். வாய் கொஞ்சம் திறந்தபடியே இருக்கும். ஆயாம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினால் கை மட்டும் வரும்.

குணம் என்பது கேட்டைத் தாண்டியதும் இப்படி அடியோடு மாறாது. அமைதியான குழந்தை பொதுவாக எங்கேயும் ஓரளவு அமைதியாகத்தான் இருக்கும். வீட்டில் கடகடவென்று பேசி, பள்ளியில் ஒரு சொல்கூட வராமல், அது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் செலெக்டிவ் மியூட்டிசமா, அதாவது சில இடங்களில் மட்டும் பேச்சு வராமல் போகிற பதற்றப் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பள்ளி மொழி பழகாததால் பேசாமல் இருக்கிறதா என்பதையும் முதலில் விலக்க வேண்டும். இது பதற்றம், அடம் அல்ல. "பேசினால் சாக்லேட்" என்று எல்லோர் முன்னிலும் கேட்டால் இன்னும் இறுகும். வேலை செய்கிற வழி மெதுவானது. பள்ளி விட்ட பிறகு காலி வகுப்பில் அம்மாவோடு விளையாட விடுங்கள். குழந்தை பேச ஆரம்பித்த பிறகு கதவைத் திறந்து வையுங்கள். அடுத்த நாள் ஆசிரியை வராந்தாவில், அதற்கடுத்து வாசலில், பிறகு கடைசி பெஞ்சில் முதுகைக் காட்டியபடி. பேச்சு நின்றால் ஒரு படி பின்னால் போக வேண்டும். பேசிவிட்டால் யாரும் கை தட்டக் கூடாது.

டைப் என்று சொன்ன அந்த ஒரு சொல்லால் முக்கால் வருடம் யாரும் இதைப் பார்க்கவில்லை.

தி.நகர் ஜவுளி

சின்ன விஷயம்தான். ஒரு ஜவுளிக்கடையில் புதிதாகச் சேர்ந்த பையன், பட்டாசு மாதிரிப் பேசுவான். இன்டர்வியூவில் எல்லோருக்கும் பிடித்துப்போய் பட்டுப் பிரிவில் போட்டார்கள். ஒரு அம்மா புடவையின் முந்தானையை விரலால் நிமிண்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இவன் ஐந்தாவது புடவையை விரித்துப் பேசிக்கொண்டே இருக்கிறான். அந்த அம்மா முந்தானையை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தப் பிரிவில் ஆள் வாய் மூடியிருக்க வேண்டிய நேரம் அதுதான்.

எல்லோரும் டெஸ்டைப் பற்றியே பேசுகிறீர்கள், கடை வைத்திருப்பவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நிறையப் பேசுகிறவன்தான் நிறைய விற்பான் என்பது தப்பு. 2013-ல் ஆடம் கிராண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் போன் விற்பனை ஆட்களை வைத்துப் பார்த்ததில், கலகலப்புக்கும் அமைதிக்கும் நடுவில் இருந்தவர்கள்தான் அதிகம் விற்றார்கள். எல்லா வேலைக்கும் ஓரளவு ஒத்து வருகிற ஒரே குணம் பொறுப்பு. நேரத்துக்கு வருவது, எடுத்ததை இடத்தில் வைப்பது, தொட்டதை முடிப்பது. 1991-ல் பாரிக், மவுன்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எடுத்துக்கொண்ட அத்தனை தொழில் பிரிவுகளிலும் இது தொடர்பு காட்டியது. ஆனால் தொடர்பு சிறியது, அதை மட்டும் வைத்து ஒருவரை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

அதனால் அரட்டை இன்டர்வியூவை விடுங்கள். எல்லோருக்கும் ஒரே ஐந்து கேள்வி, ஒரே வரிசை. "உன் குணம் என்ன" என்று கேட்காதீர்கள். "கடைசியாக ஒரு கஸ்டமர் கோபப்பட்டபோது என்ன நடந்தது, நீ முதலில் என்ன செய்தாய், அப்புறம்?" என்று நடந்ததைக் கேளுங்கள். மதிப்பெண்ணை ஒவ்வொரு பதிலும் முடிந்த உடனே போடுங்கள், கடைசியில் மொத்தமாகப் போட்டால் முதல் ஐந்து நிமிடத்துக் கவர்ச்சிதான் மதிப்பெண் ஆகும். பக்கத்தில் இருப்பவர் என்ன போட்டார் என்று பார்க்காதீர்கள். பிறகு அரை மணி நேரம் கவுன்டரில் நிறுத்திப் பாருங்கள். விரித்த புடவையைத் திரும்ப மடிக்கிறானா, மடிப்பு பழைய கோட்டிலேயே விழுகிறதா, கஸ்டமர் கை துணியில் இருக்கும்போது பேச்சை நிறுத்துகிறானா? முன்பு வேலை செய்த இடத்தில் இருவரிடம் கேளுங்கள். கூட வேலை செய்தவர்கள் சொல்கிற மதிப்பீடு, அவனே தன்னைப் பற்றி நிரப்பிய தாளைவிட நன்றாகக் கணிக்கும். அந்தப் பையனை ரெடிமேட் பிரிவுக்கு மாற்றினால் போதும், அங்கே பேச்சுக்கு இடம் உண்டு. நல்ல பையன், வேலையை விட்டுத் தூக்க வேண்டியதே இல்லை.

கார்டியாலஜி வார்டு நர்ஸ்

'டைப் ஏ' பற்றி, அதாவது எப்போதும் அவசரம், வேகம், கோபம் என்று இருக்கிறவருக்குத்தான் மாரடைப்பு வரும் என்கிற முத்திரை பற்றி ஒருவரும் எழுதவில்லையே. ஸ்டென்ட் வைத்த ஒருவர், பெட்டில் உட்கார்ந்தபடி, "சிஸ்டர், நான் டைப் ஏ, என் சுபாவமே இது, அதான் அட்டாக். மாத்த முடியாது" என்றார். தலையணைக்கடியில் சிகரெட் பாக்கெட். 1950-களில் ஃப்ரீட்மன், ரோசன்மன் என்ற இரண்டு அமெரிக்க இதய மருத்துவர்கள் சொன்னது அந்த டைப். பின்னால் வந்த ஆய்வுகளில் அவசரம், வேகம் எல்லாம் நிற்கவில்லை. ஓரளவு நின்றது பகைமையும் உள்ளுக்குள் கொதிக்கிற கோபமும்தான். சிகரெட் கம்பெனிகள் அந்த ஆராய்ச்சிக்கு வெகுகாலம் பணம் கொடுத்தன. குற்றம் சுபாவத்தின் மேல் போனால் அவர்களுக்கு வசதி. பிபி, சர்க்கரை, கொழுப்பு, புகை, இவற்றை முதலில் பாருங்கள். தலையணையைத் தூக்கிப் பார்க்கத் தயங்காதீர்கள்.

சோழிங்கநல்லூர் எச்ஆர்

அடையாறு மேடம், பேச ஆரம்பிக்க உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆலோசனை அறையில் அந்த இருவரும் தாங்களே பேசி முடிவெடுத்தார்கள். அலுவலகத்தில் கார்டைத் திருப்பிப் பார்ப்பவர் வேறு, முடிவைச் சுமப்பவர் வேறு. அம்பத்தூர் சாருக்கு ஒரு சந்தேகம்: எழுத்துக்குப் பதில் எண்ணைக் கொடுக்கலாம் என்றால், சராசரிக்கு மேல் என்று எந்தச் சராசரியை வைத்துச் சொல்வது?

அம்பத்தூர் எஸ்டேட்

வெளிநாட்டு அட்டவணையை எடுத்து வைக்காதீர்கள். உங்கள் அலுவலகத்திலேயே நூறு பேருக்கு மேல் ஒழுங்காக எழுதியிருந்தால் அவர்களின் சராசரியும் திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) போதும். அதற்குக் குறைவாக இருந்தால் பெர்சென்டைல் (நூற்றில் எத்தனை பேரைவிட மேல் என்ற எண்) போடாமல் மதிப்பெண்ணை மட்டும் கொடுங்கள், அதுவும் ஒரே புள்ளியாக இல்லாமல், பிழை அளவோடு "11 முதல் 15 வரை" என்பதுபோல. நாலு கேள்விக்கு வருகிற எண்ணில் அந்த அளவுக்குத் தடுமாற்றம் உண்டு. மனிதரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஃப்ளீசன் என்ற உளவியலாளர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில் ஒவ்வொருவரையும் தினமும் பலமுறை, இரண்டு வாரம் போலக் கேட்டுப் பார்த்தார். ஒரே ஆள் ஒரு நேரம் கலகலப்பு, ஒரு நேரம் அமைதி என்று அகலமாக ஆடினார். ஆனால் வாரத்துக்கு வாரம் சராசரி மட்டும் பெரிதாக அசையவில்லை. அதனால் தாளை அந்த ஊழியர் கையில் மட்டும் கொடுங்கள். டீம் லீடுக்கு எண் போக வேண்டாம். கிளையன்ட் கால் எடுக்க விருப்பமா என்பதை அந்த டெஸ்டிங் பெண்ணிடமே கேட்கச் சொல்லுங்கள்.