ஓ.எல் கணிதத்தில் பாதிப்பேர் டபிள்யூ: சங்கக் கூட்டத்தில் எதைக் கேட்பது?

கொட்டியாரக்கரை:
திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கத்து மாகாணப் பாடசாலை, தரம் 11 வரை. தரம் 11 முடிய எழுதும் ஓ.எல் (சாதாரண தரப்) பரீட்சையில் கணிதத்துக்குச் சரிபாதிப்பேர் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. பெற்றோர் "ஆசிரியரை மாத்துங்கோ" என்று நிற்கிறார்கள். அதிபர் "வலயம் (வலயக் கல்வி அலுவலகம்) ஆள் தரட்டும்" என்கிறார். அடுத்த மாதம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். சண்டையில் முடியக்கூடாது, ஆனால் மழுப்பிவிட்டுப் போகவும் விடக்கூடாது. என்ன கேட்கலாம்? மேற்பார்வை வேலை தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கோ.

நேரசூசி:
பெறுபேற்றை விட்டுவிட்டு முதலில் பாடவேளையை எண்ணுங்கள். வாரம் 5 பாடவேளை, 13 வாரத் தவணை என்று வைத்தால் 65. விளையாட்டுப் போட்டி, பரீட்சை, ஆசிரியர் லீவு, வலயச் செயலமர்வு என்று 15 கழிந்தால், 40 நிமிடக் கணக்கில் 10 மணித்தியாலம் போய்விட்டது. ஒரு முழு அலகு அதற்குள் அடங்கும். "போன தவணை தரம் 10 க்கு உண்மையில் எத்தனை கணிதப் பாடவேளை நடந்தது?" என்று கேளுங்கள். வகுப்புத் தலைவன் ஒரு கொப்பியில் தினமும் குறித்து, பகுதித் தலைவர் வெள்ளிக்கிழமை கையொப்பம் வைத்தால் போதும். இதற்குப் புதுப் படிவம் வேண்டாம், படிவத்துக்கு எங்கள் பள்ளிக்கூடங்களில் எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை.

நேரசூசியையும் பாருங்கள். ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் ஆசிரியர்கள் தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். அங்கே கணிதத்தை முதலாம் பாடவேளையில் போட்டால் பஸ் பிந்தும் நாளெல்லாம் கணிதம்தான் பலி. கடைசிப் பாடவேளையும் கூடாது, பிள்ளைகள் களைத்திருப்பார்கள். இரண்டு முதல் நான்கு வரை நல்லது.

ஆசிரியர் வராத நாளில் பதிலுக்குப் போகிறவர் "சத்தம் போடாமல் இருங்கோ" என்று உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம். தவணைத் தொடக்கத்திலேயே பாட ஆசிரியர் வகுப்புக்கு 5 பயிற்சித் தாள் வீதம் ஒரு கோவையில் (பைலில்) போட்டு வைக்கட்டும். பதிலுக்குப் போகிறவருக்குக் கணிதம் தெரியாவிட்டாலும் தாளைக் கொடுக்கலாம்.

கடைசி வாங்கு:
பாடவேளை நடந்ததா என்பது பாதிக் கதை. உள்ளே என்ன நடந்தது என்பதற்கு அதிபர் வகுப்பில் போய் உட்கார வேண்டும். அதற்குத்தான் நேரமே கிடைப்பதில்லை, கேட்டால் "வலயத்துக்குப் போயிட்டார்". செவ்வாயும் வியாழனும் இரண்டு பாடவேளையை மேற்பார்வைக்கென்று நேரசூசியிலேயே அடைத்துவிட்டு, அந்த நேரம் தொலைபேசியையும் வருகிற பெற்றோரையும் பிரதி அதிபர் பார்க்கட்டும்.

பார்க்கும் முறை முக்கியம். பாடம் தொடங்குமுன், "இந்தப் பாடம் முடிய பிள்ளை தனியாக எதைச் செய்யும்?" என்று ஆசிரியரிடம் ஒரு கேள்வி. பிறகு கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து 20 நிமிடம். மூன்றே விடயம் குறியுங்கள்: எத்தனை வேறு வேறு பிள்ளைகள் பதில் சொன்னார்கள், ஆசிரியர் எத்தனை நிமிடம் பேசினார், முன்வரிசை, நடுவரிசை, கடைசி வரிசையில் ஒவ்வொரு கொப்பியில் என்ன இருக்கிறது. கரும்பலகையில் இருப்பது மூன்று கொப்பியிலும் பிழையில்லாமல் இருந்தால் நல்ல பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். பார்த்து எழுதியதுக்கும் பிழை வராது. பிள்ளை தானே செய்து, பிழைவிட்டு, திருத்திய தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதே நாள் 10 நிமிடம் கதைக்க வேண்டும். ஒரே ஒரு மாற்றம்தான் சொல்லலாம். உதாரணமாக, "கேள்வி கேட்டதும் கை தூக்கினவனைக் கேட்காமல் எல்லாரும் கொப்பியில் எழுத 1 நிமிடம் விடுங்கோ." இரண்டு வாரத்துக்குள் திரும்பப் போய் அந்த ஒன்றை மட்டும் பாருங்கள். ஏழு குறை எழுதிக் கொடுத்தால் ஒன்றும் திருந்தாது.

இந்தக் குறிப்பைச் சம்பள ஏற்றப் படிவத்தோடு சேர்க்கவே கூடாது. சேர்த்தால் அடுத்த முறை போன கிழமை படிப்பித்த பாடத்தையே அழகாகத் திரும்ப நடத்திக் காட்டுவார்கள். பிள்ளைகளும் நன்றாக ஒத்துழைப்பார்கள்.

சய_சக:
தரம் 11 இல் விழுகிற பிள்ளை உண்மையில் தரம் 7 இல் விழுந்தது. தரம் 10 தொடங்கும்போதே 20 வினா, 40 நிமிடம்: பின்னம், திசைகொண்ட எண்கள், சதவீதம், எளிய சமன்பாடு, ஒவ்வொன்றிலும் ஐந்து. மொத்தப் புள்ளியைப் பார்த்துப் பயனில்லை, எந்தப் பிழை என்று பிரியுங்கள். −3 − 5 க்கு விடை 8 என்று எழுதுகிறவர்கள் "சயவும் சயவும் சக" (சய என்றால் −, சக என்றால் +) என்ற பெருக்கல் விதியைக் கூட்டலில் போடுகிறார்கள். அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்பவர்களுக்குப் பின்னம் ஒரு எண் என்பதே பிடிபடவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மேலதிக வகுப்பு வைத்தால் இருவருக்கும் வீண். பிழைவாரியாகக் குழு பிரித்து, வாரம் 2 தடவை 30 நிமிடம், ஆறு வாரம். பிறகு அதே வகை வினாக்களை எண் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

முதலாம் வினாத்தாளின் ஏ பகுதி 25 குறுவினா, தலா 2 புள்ளி. பெரும்பாலும் அடிப்படை. பலவீனமான பிள்ளைக்கு ஏறிப்போக அதுதான் முதல் படி. கடந்தகால வினாத்தாளைத் தரம் 10 முதல்நாளே தூக்கிக் கொடுப்பதோடு எனக்கு உடன்பாடில்லை. அடிப்படை இல்லாதவனுக்கு அது "உனக்கு வராது" என்று வாரம் ஒருமுறை சொல்வது மாதிரி.

புளியமர நிழல்:
எல்லாம் சரி, ஆனால் சங்கத்தின் தலைவரே அதிபர்தான் என்பதை மறந்து எழுதுகிறீர்கள். ஆசிரியரை இடமாற்ற சங்கத்துக்கு அதிகாரமும் இல்லை, மாகாணப் பாடசாலையில் அது மாகாணத் திணைக்களத்தின் வேலை. அதிபர் நிரந்தர நியமனம் இல்லாமல் பதில் கடமை பார்க்கிறவராக இருந்தால் அவர் சொல்லுக்கு ஆசிரியர் அறையில் எடையும் குறைவு. ஆகவே ஆளைப் பற்றிக் கேட்காமல் எண்ணைப் பற்றிக் கேளுங்கள், பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். அடுத்த கூட்டம் அந்தக் குறிப்பை வாசித்துத்தான் தொடங்கும்.

சித்தி வீதத்தை மட்டும் இலக்காக வைத்தால் வேறு வினை வரும். தரம் 10 இடாப்பில் (வரவுப் பதிவேட்டில்) 32 பேர், பரீட்சை எழுதியது 26, சித்தி 13 என்று வையுங்கள். அறிக்கையில் 50 வீதம். இடாப்பை வைத்துப் பார்த்தால் 40.6. இடையில் நின்ற 6 பேர் எங்கே? பலவீனமான பிள்ளையை மெதுவாக வெளியே தள்ளினாலும் வீதம் ஏறும். எப்போதும் தரம் 10 இடாப்பை வைத்தே கணக்கிடச் சொல்லுங்கள்.

வரவையும் மாதவாரியாகக் கேளுங்கள். பெரும்போக அறுவடை நேரத்தில் வயலுக்குப் போகிற பிள்ளைகளை ஆசிரியர் எவ்வளவு திறமாகப் படிப்பித்தும் பிடிக்க முடியாது. அது பெற்றோர் தரப்பு பதில் சொல்லவேண்டிய கணக்கு.

கொட்டியாரக்கரை:
நன்றி. நான்கு கேள்வியாகச் சுருக்கியிருக்கிறேன்: நடந்த பாடவேளை, தரம் 10 இடாப்பின்படி சித்தி, பிழைவாரிச் சோதனை எப்போது, மாத வரவு. பயிற்சித் தாளுக்குப் போட்டோகொப்பிச் செலவு வருமே, சங்க நிதியில் எடுக்கலாமா?

நேரசூசி:
கூட்டத் தீர்மானமாக ஏற்றிவிட்டு எடுங்கள். பிள்ளைக்கு ஒன்று வேண்டாம், வகுப்புக்கு ஒரு தொகுதி அடித்துத் தாளில் எழுதவேண்டாம் என்று சொல்லி வைத்தால் மூன்று வருடம் ஓடும். விடைத்தாளைக் கோவையில் வைக்காதீர்கள், பகுதித் தலைவர் கையில் இருக்கட்டும்.