கம்பனி விளையாட்டில் முதலிடம் வந்தேன், ஆனால் என்ன படித்தேன்?

பொகவந்தலாவைக் கடைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டனில் சனி, ஞாயிறு மட்டும் நடக்கிற முகாமைத்துவ டிப்ளோமா படிக்கிறேன். மற்ற நாட்களில் அப்பாவின் சில்லறைக் கடையில் நிற்கிறேன்.

இந்த முறை ஒரு பாடத்துக்குப் பரீட்சை இல்லை, சிமியுலேஷன். நாலு பேருக்கு ஒரு சப்பாத்துக் கம்பனி, எல்லாம் கம்பியூட்டரில். ஒரு சுற்று என்றால் ஒரு வருடம், மொத்தம் எட்டுச் சுற்று. விலை, உற்பத்தி, விளம்பரம், ஊழியர் பயிற்சி, இயந்திரப் பராமரிப்பு, வங்கிக் கடன் எல்லாவற்றுக்கும் நாங்களே இலக்கம் போட வேண்டும். போட்டிக்கு இன்னும் அஞ்சு குழு. திரை முழுக்க ஆங்கிலம். எங்களில் ஒருத்திதான் அதை வாசித்து மற்ற மூன்று பேருக்கும் சொன்னாள்.

ஏழாம் சுற்று முடியும்போது நாங்கள் நாலாம் இடம். எட்டோடு ஆட்டம் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன்: "பயிற்சிக்குப் பூச்சியம் போடு. பராமரிப்புக்கும் பூச்சியம். கிடங்கில் கிடக்கிற சப்பாத்தை எல்லாம் விலை குறைத்துத் தள்ளு. நாளைக்கு யார் இருக்கப்போறா?" இலாபம் எகிறியது. முதலிடம், கைதட்டல். 4.30க்கு வகுப்பு முடிந்தது, பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டோம். அடுத்த வாரம் கையில் ஒரு தாள் வந்தது. "மூலோபாயத் தீர்மானம் எடுத்தல்: தேர்ச்சி பெற்றவர்." "நிதி முகாமைத்துவம்: தேர்ச்சி பெற்றவர்." பன்னிரண்டு வரி, பன்னிரண்டிலும் அதே சொல்.

வீட்டில் காட்டினேன். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இந்தச் சப்பாத்துக் கடையில கடன் கொப்பி இல்லையாம்மா?"

இல்லை. அங்கே எல்லாரும் கைக்காசு. எங்கள் கடையில் மாசத்தில் பாதி நாள் கொப்பிதான் ஓடும். 10ஆம் திகதி தோட்டத்தில் சம்பளம் போட்டால் அடுத்த ரெண்டு நாளில் பழைய பாக்கி வரும். வராவிட்டால் அந்த வீட்டில் யாருக்குச் சுகமில்லை, எந்தப் பிள்ளைக்குச் சடங்கு என்று அப்பாவுக்குத் தெரியும். அதையெல்லாம் மனதில் வைத்துத்தான் அடுத்த மாசத்துக்கு எத்தனை மூட்டை மா எடுப்பது என்று முடிவு செய்வார். அந்த ஒரு முடிவை என்னிடம் விட்டால் தடுமாறிப்போவேன். தாளில் மட்டும் தேர்ச்சி.

இந்தத் தேர்ச்சி முறையே இப்படித்தானா, இல்லை எங்கள் வகுப்பில் ஏதும் விட்டுப்போயிற்றா?

தலவாக்கலை அடுப்படி:

தங்கச்சி, விட்டுப்போயிற்று. நான் பேக்கரி வேலைக்கு என்.வி.கியூ, அதாவது தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் மதிப்பீடு செய்கிறவள். ஏழு மட்டங்கள் உள்ள முறை அது, ஏழாவது பட்டத்துக்குச் சமம். அதிலும் இதே "தேர்ச்சி பெற்றவர்", "இன்னும் தேர்ச்சி பெறவில்லை" என்ற ரெண்டு சொல்தான். ஆனால் பாண் நன்றாக வந்ததைப் பார்த்து மட்டும் எழுதிவிட முடியாது. செய்யும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், அப்புறம் கேள்வி கேட்க வேண்டும். ஒரு பையன் அருமையாகப் பாண் போட்டான். "மழைக் குளிரில் மா பொங்க மாட்டேன் என்கிறது, என்ன செய்வாய்?" என்றேன். "அதை எங்க பாஸ் பார்த்துக்குவாரு" என்றான். ஈஸ்ட் எவ்வளவு என்று கேட்டேன். "பாஸ் அளந்து குடுப்பாரு." இன்னும் தேர்ச்சி இல்லை என்றுதான் எழுதினேன். பாவமாகத்தான் இருந்தது. மூன்று மாதம் கழித்து வந்தான், இந்த முறை அளவெல்லாம் அவனே சொன்னான்.

உங்கள் வகுப்பில் நாலு பேரின் ஒரே முடிவைப் பார்த்து நாலு பேருக்கும் தாள் கொடுத்திருக்கிறார்கள். யார் எதை விளங்கிச் செய்தார் என்று அதில் எங்கே தெரியும்? ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் "இதைச் செய்கிறேன், இதனால் இது நடக்கும்" என்று ஆளுக்கு ரெண்டு வரி எழுதி வைக்கச் சொல்லியிருக்கலாம். நடந்ததையும் எழுதினதையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் தெரிந்துவிடும். கடைசிச் சுற்று எது என்பதையும் சொல்லவே கூடாது.

பெக்டரி வாசல்:

அக்கா சொன்ன கேள்வி நேரம்தான் முக்கியம். நான் தேயிலை பெக்டரியில் வேலை. ஒரு பயிற்சியில் எங்களுக்குக் கம்பியூட்டரே இல்லாமல் ஒரு ஆட்டம் வைத்தார்கள். 1960 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜே ஃபொரெஸ்டர் குழுவினர் உண்டாக்கிய பீர் கேம், பீர் பெட்டிகள் கைமாறுகிற வியாபார ஆட்டம். எங்கள் ஆட்களுக்காகப் பீரை எடுத்துவிட்டுத் தேயிலைப் பெட்டி என்றார்கள். ஒரு பெட்டிக்கு ஒரு நெருப்புக்குச்சி.

கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், பெக்டரி என்று நாலு பேர் வரிசையாக உட்கார வேண்டும். பேசக் கூடாது. ஆர்டர் துண்டு மட்டும் கைமாறும். ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் வாரக்கணக்கில் தாமதம். கையில் தேங்கினால் பெட்டிக்கு வாரம் அரை ரூபா, கொடுக்க இல்லாமல் நின்றால் ஒரு ரூபா நட்டம். நான் பெக்டரி. கொஞ்ச நாள் 4, 4 என்று வந்த ஆர்டர் 12 ஆனது, 20 ஆனது, ஒரு வாரம் 40. எனக்கு வேர்த்துவிட்டது. இராப்பகலாக உற்பத்தி செய்தேன். அப்புறம் பார்த்தால் பூச்சியம், பூச்சியம். மேசை முழுக்கக் குச்சி.

கடைக்காரராக இருந்தவனைத் திட்டித் தீர்த்தோம். அப்போதுதான் பயிற்சி நடத்தின சேர், வாடிக்கையாளர் கேட்ட அளவு எழுதின அட்டைக் கட்டைத் திருப்பிக் காட்டினார். முதல் நாலு வாரம் 4, அஞ்சாம் வாரத்திலிருந்து கடைசிவரை 8. ஒரே ஒரு தடவைதான் மாறியிருக்கிறது! மற்றதெல்லாம் தாமதமும் நாங்கள் பயந்து பயந்து போட்ட ஆர்டரும். ஆட்டம் ஒரு மணித்தியாலம், அதைப் பற்றிய பேச்சு ரெண்டு மணித்தியாலம். எனக்கு நினைவில் நிற்பது பேச்சுதான். நீங்கள் அந்த நேரத்தில் பஸ்ஸில் இருந்திருக்கிறீர்கள்.

2021 கடைசியில் பால்மா கிடைக்காத நாட்களில் அப்பா எத்தனை பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தார், எத்தனை வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

மஸ்கெலியா வாத்தியார்:

நான் உயர்தர வணிகக்கல்வி படிப்பிக்கிறேன். 2007இல் 6ஆம், 10ஆம் தரங்களில் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் (பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று பார்க்கிற பாடத்திட்டம்) வந்ததிலிருந்து ஆசிரியர் வழிகாட்டியில் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம் என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. பிள்ளை கேட்பது என்னவோ, "சேர், பேப்பருக்கு இது வருமா?" பெயர் மாறினால் போதாது. இன்னொன்று, ஆங்கிலத் திரையை ஒருத்தி மட்டும் வாசித்த குழுவில் மற்ற மூன்று பேருக்கும் எதை அளந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பொகவந்தலாவைக் கடைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. இந்தத் திரியை எங்கள் மிஸ்ஸிடம் காட்டினேன். கோபப்படுவார் என்று பயந்தேன், "சரி, ஒன்பதாவது சுற்றும் போடுவோம்" என்றார். போன சனிக்கிழமை போட்டோம். பராமரிக்காத இயந்திரம் பாதிதான் ஓடியது, கிடங்கில் சரக்கு இல்லை, நாங்கள் அஞ்சாம் இடம். இந்த முறை யாரும் பஸ்ஸுக்கு ஓடவில்லை. ஏன் இப்படி விழுந்தோம் என்று மூன்று மாதிரி விளக்கம் சொன்னேன், மிஸ் மூன்றையும் கேள்வி கேட்டே உடைத்துவிட்டார்.

அப்பாவிடம் பால்மாவைக் கேட்டேன். 10 பெட்டி வேண்டும் என்றால் 30 என்று சொல்வாராம், அப்போதுதான் 5 வருமாம். "பக்கத்துக் கடைக்காரரும் அப்படித்தானே சொல்லியிருப்பார்?" என்றேன். சிரித்துவிட்டு வெற்றிலையை எடுத்தார்.

பெக்டரி அண்ணா, அந்த ஆட்டத்துக்கு எத்தனை நெருப்புப்பெட்டி வேண்டும்? கடையில் ஒரு பக்கெட் இருக்கிறது.