வண்டி நமதில்லை, ஏற்பாடு மட்டும்தான்: பதிவு வேண்டுமா?

கோத்தகிரிவாசி:
ஏழெட்டு காட்டேஜ்களுக்குக் குப்பை எடுக்க ஆள் பிடித்துக் கொடுக்கிறேன். வண்டி என்னுடையது இல்லை, குப்பையை நான் தொடுவதும் இல்லை, போனில் பேசி விடுவதோடு சரி. போன வாரம் ஒரு டிரைவர் பாதி மூட்டையைச் சோலை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போய்விட்டார், காலையில் காட்டெருமை ஒன்று பால் கவரை மென்றுகொண்டு நின்றதைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. எனக்கும் பதிவு ஏதாவது வேண்டுமா?

குன்னூர் அண்ணன்:
தம்பி, என்ன குப்பை என்பதுதான் முதல் கேள்வி. பழைய டிவி, கம்ப்யூட்டர் என்றால் 2022 மின்னணுக் கழிவு விதிகள்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சியாளரிடம்தான் போய்ச் சேர வேண்டும். கிளினிக் ஊசி, பஞ்சு பக்கமே போகாதீர்கள், அதற்கு மாநில வாரியத்தின் அங்கீகாரம் இருப்பவர் மட்டுமே. வீட்டுக் குப்பைக்கு உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஊட்டிப் பெண், இப்போது லெஸ்டரில்:
இங்கிலாந்தில் உங்களைப் போன்றவர்களைச் சட்டமே புரோக்கர் என்கிறது. அடுத்தவர் குப்பைக்கு ஏற்பாடு செய்தால், கையால் தொடாவிட்டாலும் சுற்றுச்சூழல் முகமையில் பதிவு கட்டாயம், மேல் அடுக்குப் பதிவை (தொண்டு நிறுவனம் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் எடுக்க வேண்டிய வகை) 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்புறம் குப்பை கைமாறும்போது என்ன குப்பை, யார் யாரிடம் கொடுத்தார் என்று ஒரு சீட்டு எழுதி 2 வருடம் பத்திரமாக வைக்க வேண்டும். அங்கே யாரும் கேட்காவிட்டாலும் அந்தச் சீட்டை நீங்களாகவே ஆரம்பியுங்கள் அண்ணா.

கோத்தகிரிவாசி:
சரி, நாளைக்கே மனு எழுதுகிறேன். அந்த டிரைவரை நிறுத்திவிட்டேன்.