ஸ்மிட் மெனுவில் நம் ஸ்கிரிப்டைச் சேர்ப்பது எப்படி?

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ் இயங்குதளம்) சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிண்ட் க்யூ சிக்கினால் இரவு ஷிப்ட் தம்பிகள் எனக்குத்தான் போன் அடிக்கிறார்கள், போன வாரம் இரண்டு முறை விடிகாலை மூன்று மணிக்கு. அதைச் சரிசெய்ய ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். ஸ்மிட்டி (ஏஐஎக்ஸின் நிர்வாக மெனுவான ஸ்மிட்டின் எழுத்துத் திரை வடிவம்) முதல் மெனுவில் அதை ஒரு வரியாக வைக்கலாமா?

பதில் 1:
தாராளமாக. மெனுவெல்லாம் ஓடிஎம்மில்தான் (ஏஐஎக்ஸ் தன் அமைப்பு விவரங்களை வைக்கும் தரவுத்தளம்) இருக்கிறது, ஒவ்வொரு வரியும் எஸ்எம்_மெனு_ஆப்ட் வகுப்பில் ஒரு பதிவு. ஓடிஎம்கெட் கட்டளையால் பழைய வரி ஒன்றை எடுத்து, வரிசை எண்ணையும் எழுத்தையும் அடுத்த ஐடியையும் மாற்றுங்கள். அடுத்த வகை 'டி' என்றால் டயலாக், அதாவது கட்டளையை ஓட்டும் திரை. அதற்கு எஸ்எம்_சிஎம்டி_எச்டிஆர் பதிவு வேண்டும், ஸ்கிரிப்டின் முழுப் பாதை அதில்தான் வரும். அப்புறம் ஓடிஎம்ஆட் கட்டளையால் இரண்டையும் ஓடிஎம்மில் சேருங்கள்.

பதில் 2:
அண்ணே, நேரடியாக லைவில் கை வைக்காதீர்கள். நான் ஒருமுறை நிபந்தனை கொடுக்காமல், பதிவுகளை அழிக்கும் ஓடிஎம்டெலீட் அடித்து அந்த வகுப்பு முழுக்கக் காலியாகி, பேக்கப்பிலிருந்து மீட்டெடுக்க ஒரு ராத்திரி போய்விட்டது. 'எஸ்எம்_' என்று தொடங்கும் கோப்புகளை வேறு டைரக்டரிக்கு நகலெடுத்து, ஓடிஎம் எந்த டைரக்டரியில் என்று சொல்லும் ஓடிஎம்டிர் மாறியை அங்கே திருப்பி, புதுப் பதிவுகளைச் சேருங்கள், 'ஸ்மிட்டி -ஓ' போட்டு அந்த டைரக்டரியைக் காட்டித் திறந்து பாருங்கள். '-எக்ஸ்' சேர்த்தால் கட்டளை ஓடாது, லாக்கில் மட்டும் பதியும்.

பதில் 3:
இன்னொன்று, மெனுவில் தெரிவதால் மட்டும் தம்பிகளுக்கு ரூட் (முழு நிர்வாகி) அதிகாரம் வராது. அந்த ஒரு ஸ்கிரிப்டுக்கு மட்டும் சூடோ (ரூட்டாக ஓட்டும் அனுமதி) கொடுங்கள்.

கேட்டவர்:
நகலில் வேலை செய்கிறது! எஃப்6 தட்டினால் என் ஸ்கிரிப்டின் பாதை சரியாகத் தெரிகிறது. சூடோவை இன்று மாலை முடிக்கிறேன், ரொம்ப நன்றி.