வெயில் தின்ற முகத்துக்கு ஆய்வகக் கொலாஜன் ஊசி: போடலாமா, பொறுக்கலாமா?

ஜெலுத்தோங் அகிலா
பள்ளி முடித்ததிலிருந்து எனக்கு மோட்டார் சைக்கிள்தான். ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டுக் கையை மறைத்துக்கொள்வேன், முகம் வெயிலில்தான் கிடந்தது. இப்போது ஐம்பதைத் தாண்டியாச்சு. கன்னத்தில் கறுப்பாக மங்கு, கண்ணோரம் சுருக்கம். கோலாலம்பூரில் ஒரு கிளினிக்கில் ‘ரீகாம்பினன்ட் கொலாஜன்’ ஊசி போடுகிறார்கள். கொலாஜன் என்பது தோலைத் தாங்கும் புரதமாம். மாட்டுத்தோலில் எடுத்ததில்லை, மனித மரபணுவை வைத்து ஆய்வகத்தில் செய்தது என்கிறார்கள். விலை என் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்குகிறது. போடலாமா? ‘வயசானா அப்படித்தான்’ என்ற பதில் மட்டும் வேண்டாம். இது எனக்கு முக்கியம்.

பிரிக்பீல்ட்ஸ் ரவி
போடலாம் அக்கா. கொலாஜன் ஊசி நேற்று முளைத்ததில்லை. மாட்டுக் கொலாஜன் ஊசிக்கு அமெரிக்கா 1981லேயே அனுமதி கொடுத்தது. சிலருக்கு ஒவ்வாமை வந்ததால் முதலில் கையில் குத்திச் சோதித்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆய்வகக் கொலாஜனில் மனிதக் கொலாஜனுக்கான மரபணு வரிசையை ஈஸ்டுக்குள்ளோ பாக்டீரியாவுக்குள்ளோ வைத்து வளர்க்கிறார்கள். நம் உடம்பில் இருக்கும் வரிசையே என்பதால் ஒவ்வாமைக்கு வாய்ப்பு குறைவு. மூன்றாம் வகைக் கொலாஜனில் செய்த ஊசிக்குச் சீனா 2021இல் அனுமதி கொடுத்தாச்சு. தீக்காயத்துக்குக் கொலாஜன் தகடு வைத்துத் தோல் வளர்ப்பதும் 1990களிலிருந்து நடக்கிறது.

செந்தூல் மருந்தாளர்
ரவி தம்பி, தீக்காயத்தையும் வெயில் பட்ட முகத்தையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். தீக்காயத்தில் உள்தோலே போய்விடுகிறது. செல்கள் வந்து குடியேற ஒரு தளம் வேண்டும், அதற்குத்தான் தகடு. அகிலாவின் கன்னத்தில் உள்தோல் இருக்கிறது. புறஊதா ஏ கதிர் உள்ளே போய், கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிட்டது. அறுந்த துண்டுகள் அங்கேயே கிடக்கின்றன. கொலாஜனைச் செய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் இழைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். கொடிக்கயிறு தளர்ந்த மாதிரி பிடிமானம் போனதும் அவையும் சுருங்கி, உற்பத்தியைக் குறைத்துவிடுகின்றன.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2007இல் வெயில் பட்ட முதிய முன்கைகளில், நீரைப் பிடித்து வைக்கும் ஹைலுரானிக் அமிலத்தை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். கொலாஜன் ஒரு துளிகூட இல்லை. ஆனாலும் செல்கள் விறைப்பாக இழுபட்டு, புதுக் கொலாஜன் செய்தன. அப்படியானால் ‘மனிதக் கொலாஜன்’ என்ற பெயருக்கு எதற்கு இவ்வளவு பணம்?

பிரிக்பீல்ட்ஸ் ரவி
அண்ணே, அந்த ஆய்வு என் பக்கம்தான் பேசுகிறது. முதிய செல் செத்துப்போகவில்லை, எழுப்பினால் எழுகிறது என்றுதானே அர்த்தம்? 2023இல் இன்னொன்று வந்தது. கொலாஜன் செய்யச் சொல்லும் எம்ஆர்என்ஏ-வை, செல்கள் வெளியிடும் நுண்பைகளுக்குள் வைத்து, புறஊதாவால் முதுமையாக்கிய எலித் தோலில் செலுத்தினார்கள். கொலாஜன் கூடியது, சுருக்கம் குறைந்தது. வெளியிலிருந்து கொண்டுபோய் நிரப்பாமல் தோலையே செய்ய வைக்கிறார்கள். ஐம்பது வயதுக்காரரிடம் ‘கிரீம் தடவிக்கொண்டு இருங்கள்’ என்று மட்டும் சொல்வது நியாயமா?

செந்தூல் மருந்தாளர்
எலியில் கண்ட பலனும் மாதக்கணக்குதான், நிரந்தரமில்லை. மனிதத் தோலுக்கு அது வரும்போது பேசுவோம்.

இப்போது விற்பதைப் பார்ப்போம். முழுக் கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு. அந்த முறுக்கு உடல் சூட்டில் அவிழாமல் இருக்க, அதிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஹைட்ராக்சில் என்ற வேதிக்குழு சேர வேண்டும். சாதாரண பாக்டீரியாவுக்கு அந்த வேலை தெரியாது. அதனால் பல தயாரிப்புகள் முழுக் கயிறு இல்லை, மனித வரிசையின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்பக் கோத்தவை. துண்டு என்பதாலேயே கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் ‘உங்கள் சொந்தக் கொலாஜன்’ என்று விளம்பரம் செய்வது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. கொலாஜன் கிரீம் இன்னும் மோசம். முழு மூலக்கூறின் எடை ஏறக்குறைய 3,00,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), தோல் வழியாக நுழைவதற்கோ 500 டால்டன்தான் எல்லை என்பார்கள்.

சான்று உள்ளது என்றால் வைட்டமின் ஏ வகை மருந்தான டிரெட்டினாயின் கிரீம், மருத்துவர் எழுதிக் கொடுத்து. அப்புறம் சன்ஸ்கிரீன். 2013இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், நாலரை வருடம் தினமும் தடவியவர்களுக்குத் தோல் முதுமை 24 விழுக்காடு குறைவாக இருந்தது.

செராஸ் கவிதா
இரண்டு பேருமே வெள்ளைத்தோல் கணக்கைப் பேசுகிறீர்கள். அந்த ஆஸ்திரேலிய ஆய்வில் இருந்தவர்கள் யார்? நம் தோலில் வெயில் முதலில் கறுப்பாகத்தான் விழும், சுருக்கம் பிந்தி வரும். அகிலா அக்கா மங்கு பற்றித்தான் முதலில் எழுதியிருக்கிறார், கவனித்தீர்களா? மங்கு நிறமியின் கோளாறு. அதற்குக் கொலாஜன் எதைப் போட்டாலும் மருந்தாகாது.

நான் ஒரு கிளினிக்கில் நுண்ணூசி, அதாவது முகம் முழுக்கச் சிறு ஊசிகளால் குத்தும் சிகிச்சை, வைத்துக்கொண்டேன். குத்திய இடமெல்லாம் கறுத்து, மாதக்கணக்கில் முகத்தைத் துப்பட்டாவால் மூடித்தான் கோயிலுக்குப் போனேன். நம் தோலில் காயம் பட்டால் கறுப்பு தங்கும் என்று முன்கூட்டி ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. இன்னொன்று, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தாலும் மங்கு கூடும். அதனால் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் வேண்டும். நம் நிறத்துக்குப் பொருந்தும் ஷேடு கிடைக்க நான் கடை கடையாக அலைந்திருக்கிறேன்.

சூலியா ஃபரீதா
கவிதா சொல்வது சரி. ஆனால் மருந்தாளர் அண்ணன் ஒரு விஷயத்தை லேசாகத் தாண்டிவிட்டார். ஆய்வகக் கொலாஜனில் பன்றியும் இல்லை, மாடும் இல்லை. என் வீட்டுக்கும் அகிலா அக்கா வீட்டுக்கும் அது பெரிய விஷயம். இதுவரை இந்தப் பக்கமே வர முடியாத நம் பெண்களுக்கு ஒரு கதவு திறக்கிறது. நுண்ணுயிரை எதில் வளர்த்தார்கள் என்று மட்டும் கேட்க வேண்டும், ஊட்டக்கரைசலில் விலங்குப் பொருள் இருக்கலாம்.

குடிக்கும் கொலாஜன் பக்கம் போகாதீர்கள் அக்கா. 23 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2025இல் ஒரு அலசல் வந்தது. நிறுவனப் பணம் வாங்காத சோதனைகளில் தோலுக்குப் பலன் தெரியவில்லை.

செந்தூல் மருந்தாளர்
ஃபரீதா தங்கச்சி, அந்தக் கதவு முக்கியம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதனாலேயே அது ஒழுங்காகத் திறக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊசிமருந்து நம் நாட்டில் மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். போடுபவர் தோல் நிபுணராக இல்லாத பொது மருத்துவர் என்றால், அழகியல் சிகிச்சைக்கான எல்சிபி சான்று கேட்டுப் பாருங்கள்.

ஜெலுத்தோங் அகிலா
கிளினிக்குக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். ‘மூன்றாம் வகை, துண்டு வரிசை’ என்று பதில் வந்தது. மங்கு போகுமா என்றதற்கு ‘முகம் பளபளப்பாகும்’ என்கிறார்கள். பதிவு எண் கேட்டால், நேரில் வந்தால் காட்டுகிறோம் என்கிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ரவி
பதிவு எண்ணை எழுத்தில் தராத இடத்தில் நானும் போடச் சொல்லமாட்டேன். ஆனால் எண்ணும் சான்றும் சரியாக இருக்கிற இடம் கிடைத்தால், கண்ணோரச் சுருக்கத்துக்கு மட்டும் போடுவதை எதற்குத் தடுக்க வேண்டும்? மிச்சிகன் ஆய்வுக்கு அண்ணன் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

செந்தூல் மருந்தாளர்
பதில் இதுதான்: செல்லை எழுப்ப அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை, டிரெட்டினாயினும் அதைச் செய்கிறது. அகிலா, முதலில் மங்கு விழுந்த கன்னத்தைத் தோல் நிபுணரிடம் காட்டுங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் வெள்ளையாக்கும் கிரீம் மட்டும் வேண்டாம், பாதரசம் கலந்தவற்றைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பிடிக்கிறது. மங்கு அடங்கும்வரை அந்தக் கன்னத்தில் எந்த ஊசியும் இறங்க வேண்டாம். கண்ணோரத்துக்கு ரவி சொன்ன மாதிரி இடம் கிடைத்தால், பெட்டியில் உள்ள பெயரை இங்கே எழுதுங்கள், பதிவை நானே தேடிப் பார்க்கிறேன்.